நெல் கிடந்த பாதி வீதி

"அறுபத்தாறா? பாண் ஓட்டோவா?"

"ஓம் புள்ள. எழுதியே குடுத்திட்டாங்க. மணிக்கு அறுபத்தாறு கிலோமீற்றராம்."

"அத உன்னிச்சைக் குளக்கட்டில இருந்து கீழ தள்ளி விட்டாலும் அறுபத்தாறு வராதே அக்கா."

"இத எனக்குச் சொல்லி என்ன? எத்தின நாள் நான் அதுக்குப் பின்னால குந்தி வந்திரிக்கன். ஐம்பதத் தாண்டினா ஹோன் தன்பாட்டுக்கு அடிக்கத் துவங்கிரும்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது இருவருக்கும் நினைவு வந்தது. கரடியனாற்றிலிருந்து உன்னிச்சைக்குப் போகும் வீதியின் ஓரம் அது. காலடியில் ஓட்டோவின் முன்விளக்கு நொறுங்கிக் கிடந்தது. மணலோடு மணலாகக் கலந்து, வெயில் பட்ட துண்டுகள் மட்டும் தாங்கள் கண்ணாடி என்பதைக் காட்டிக்கொண்டிருந்தன.

இளையவள் விதுர்ஷா. அந்த வீதியோர வளவுகளில் ஒன்று அவளுடைய வீடு. உயர்தர வகுப்பில் கணிதம் படித்து, இரண்டாம் தடவை பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மற்றவள் ஹஸீனா. ஏறாவூரிலிருந்து இந்தப் பக்கம் ஓட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டு வரும் றிஸ்வியின் தங்கை. 'காக்கா' என்று அவள் கூப்பிடும் அந்த அண்ணனைக் குற்றவாளியாக்கிய இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை பின்னேரம் றிஸ்வி பாணெல்லாம் விற்று முடித்து, ஆட்களைக் கூப்பிடும் ஓட்டோப் பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் தட்டுகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். முன்னால் விதுர்ஷாவின் மாமா தங்கராசா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின் கரியரில் மில்லில் குத்திய அரிசி மூடை. எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்ததால் விலக இடமில்லை. றிஸ்வி பிறேக்கை மிதித்தான். ஓட்டோ நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய்ச் சைக்கிளின் பின்பக்கத்தில் மோதியது. தங்கராசாவுக்குக் கால் முறிந்தது. சைக்கிள் மூடையோடு இழுபட்டு மதகடியில் போய்க் கிடந்தது. வாகனப் பரிசோதகர் வந்து, கண்ணாடி விழுந்த இடத்திலிருந்து சைக்கிள் கிடந்த இடம் வரை நாடா பிடித்து அளந்து, கணக்குப் போட்டு, அறுபத்தாறு என்று எழுதினார்.

"காக்கா ஒண்டத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறாரு," என்றாள் ஹஸீனா. "றோட்டில நெல்லு காயப்போட்டு இருந்ததாம். அதுலதான் சறுக்கினதாம். பொலிசு வந்து பாக்கக்குள்ள ஒரு மணி நெல்லுக்கூட இல்லையாம். தலையில அடிபட்டு உளர்றான் எண்டு சொல்லிட்டாங்க. அவருக்குத் தலையில ஒரு கீறலும் இல்ல புள்ள."

விதுர்ஷா வீதியைப் பார்த்தாள். கறுப்பாக, சுத்தமாகக் கிடந்தது. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஹஸீனா பஸ் ஏறிப் போய்விடுவாள்.

"கிடந்தது," என்றாள். "எங்கட நெல்லுத்தான். காலையில நான்தான் பரப்பினன்."

ஹஸீனா தலைத்துணியின் விளிம்பைக் காதுக்குப் பின்னால் செருகினாள். செருகியதை மறுபடியும் எடுத்துச் செருகினாள்.

"அப்ப ஏன் புள்ள ஒருத்தரும் வாய் திறக்கல்ல?"

அதைச் சொல்ல விதுர்ஷாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். மெசினால் வெட்டிய நெல் ஈரமாக வரும். ஈர நெல்லை வியாபாரி தொட்டும் பார்க்கமாட்டான். முற்றத்து மண்ணில் காயப் போட்டால் இரண்டு நாளாகும். தார் வீதியில் ஒரே வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் அந்த வீதியின் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. ஓரத்தில் கல்லும் மரக்கொப்பும் வைத்து எல்லை கட்டுவார்கள். வீதியில் நெல் போடக்கூடாது என்று பொலிஸ் பல தடவை சொல்லிவிட்டது. சில போகங்களுக்கு முன் ஒருவருடைய நெல்லைப் படங்குத் துணியோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டும் போனார்கள். அதிலிருந்து ஊருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மழை இருட்டினால் எப்படி ஓடிவந்து நெல்லை அள்ளுவார்களோ, ஜீப் வருகிறது என்றாலும் அதே ஓட்டம், அதே விளக்குமாறு. சனிக்கிழமையும் அதுதான் நடந்தது. நாலு பேர் தங்கராசாவைத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் நெல்லை அள்ளினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை பழகியதைச் செய்தது.

"நான் அந்த நேரம் செங்கலடியில, ரியூசனில. வந்து பாக்கக்குள்ள றோட்டு கழுவி விட்ட மாதிரிக் கிடந்தது."

"வியாழக்கிழமை கோட்டுல வழக்கு," என்றாள் ஹஸீனா. "குத்தத்த ஒத்துக்கொள்ளச் சொல்லுறாரு லோயர். ஒத்துக்கொண்டா லைசன் போயிரும். சவூதியில லொறி ஓடிக் களைச்சுப்போய் வந்து எடுத்த ஓட்டோ புள்ள அது. லைசன் இல்லாட்டி காக்கா பாண்தட்டத் தலையில வெச்சு நடக்கவா?"

"ஒத்துக்கொள்ள வேணாமெண்டு சொல்லுங்க."

"லேசாச் சொல்லிட்டாய். ஆர் சாட்சி?"

"முதல்ல அந்தக் கணக்கு பிழையெண்டு காட்டுவம். அவங்க எழுதித் தந்த கடுதாசிய எனக்குத் தாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு இஞ்ச வாங்க அக்கா. றிஸ்வி நானாவ வரவேணாமெண்டு சொல்லுங்க. அவர் வந்தா ஆக்கள் அவரப் பாப்பாங்க, கணக்கப் பாக்கமாட்டாங்க."

"என்ன செய்யப்போறாய்?"

"இன்னும் தெரியா. இண்டைக்கு ராவைக்குள்ள யோசிச்சிருவன்."

ஹஸீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாமத்தான் இந்தத் துணிவா?" என்று கேட்டுவிட்டு, முதல் தடவையாக அவளுடைய கையைப் பிடித்தாள்.

*

அழகரத்தினம் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மகள் விதுர்ஷா எதிரே வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், பரீட்சைக்கு என்னைப் படிக்கிறியா?"

"அப்பா, சனிக்கிழமை றோட்டில நெல்லு கிடந்ததெண்டு பொலிசில சொல்லுங்க."

குழம்பு வைக்க வந்த அம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"ஆரு சொல்லிக் குடுத்தது?" என்றார் அழகரத்தினம். குரல் உயரவில்லை. அவர் கோபப்படும்போது குரல் இறங்கும். "அந்தப் பாண்காரன்ட தங்கச்சியா? மதகடியில நிண்டு பறைஞ்சதக் கண்டனான்."

"அவ ஒண்டும் சொல்லித் தரல்ல. அவவுக்கு நான்தான் சொன்னன்."

"நல்லது. இனி ஊர் முழுக்கச் சொல்லு. ரெண்டு போகம் வெள்ளம் கொண்டு போச்சு. மூணாம் போகம் வயல் வட்டையில கால் வெச்சு ஒரு நெல்லக் கண்ணால கண்டிரிக்கம். அதையும் ஜீப்பில ஏத்திவிடுவம். என்னையும் ஏத்திவிடு, இடமிருந்தா."

"அப்ப றிஸ்வி நானாட லைசன்?"

"அவங்கட ஆக்கள் பாத்துக்குவாங்க."

"அவங்கட ஆக்கள் எண்டா ஆரு அப்பா? வெள்ளம் நிண்ட நேரம் உழவு மிசினில ஏறி நிண்டு இந்த வாசல்வரைக்கும் பாண் கொண்டு வந்தவர் ஆருட ஆள்? நீங்க அண்டைக்கு நாலு பாண் வாங்கினீங்க. அப்ப அவர் எங்கட ஆளா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைய இனி ஒன்றுமில்லை என்ற அளவுக்குப் பிசைந்தார்.

"தங்கராசா மச்சானே ஒண்டும் சொல்லல்ல," என்றார். "காலொடிஞ்சு கிடக்கிற மனிசன். அவன் றோட்டில நெல்லக் காணல்லயா? கண்டவன்தான். எனக்காகத்தான் வாய மூடிக்கொண்டு கிடக்கான். அவனவிட உனக்கு நோவுதா?"

இந்த இடத்தில் விதுர்ஷாவுக்குக் கண் கலங்கப் பார்த்தது. கலங்கினால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அழுதுவிட்ட பிள்ளையோடு யாரும் வாதாடுவதில்லை, தலையைத் தடவிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். அதனால் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளத்தில் போகிறவன் மரத்தைப் பிடிப்பதுபோல.

"அந்தப் பரிசோதகர் ரெண்டு பிழை விட்டிரிக்கார் அப்பா. முதல் பிழை, தங்கராசா மாமா நிண்டவர் எண்டு நினைச்சுக் கணக்குப் போட்டது. மாமா நிண்டவரா?"

"ஏன் நிக்கிற? சைக்கிள்ள போனவன்."

"அதுதானே. நிக்கிற மாட்டில போய் இடிக்கிறதும், அதே பக்கம் ஓடுற மாட்டில பின்னால போய் இடிக்கிறதும் ஒண்டா?"

"மாட்டில இடிச்சா எப்பிடியும் பால் வத்திரும்," என்றாள் அம்மா. யாரும் சிரிக்காததால் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

"ஓடுற பொருளுக்கு ஏற்கனவே ஒரு வேகம் இரிக்கு. பின்னால வாறது அந்த வேகத்தக் குடுக்கத் தேவல்ல. மிச்சத்த மட்டும்தான் குடுக்கும். மோதின பிறகு சைக்கிளுக்கு இருந்த வேகம் முழுக்க ஓட்டோ குடுத்ததெண்டு எழுதி வெச்சிரிக்காங்க. மாமா மிதிச்ச மிதி எங்க போச்சு?"

அழகரத்தினம் பிசைவதை நிறுத்தினார்.

"அவங்கட அறுபத்தாறச் சரியெண்டே வைப்பம். மோதுற நேரம் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். அந்த நேரத்துக்குள்ள வேகம் எவ்வளவு மாறினதெண்டு பாத்து விசையக் கணக்கெடுக்கலாம். நான் எடுத்தன். கிட்டத்தட்ட ரெண்டு தொன் பாரம் அப்பா. ரெண்டு தொன் பின்னால வந்து விழுந்தா சைக்கிள் ரெண்டாப் போயிரிக்கும். மூடை வெடிச்சு அரிசி காகத்துக்குப் போயிரிக்கும். நீங்கதானே அந்த மூடையத் தூக்கிக்கொண்டு போய் மாமிட்டக் குடுத்தீங்க. தையல் ஒண்டாவது விட்டிருந்ததா?"

"இல்ல."

"சைக்கிள்?"

"பின் றிம் வளைஞ்சிருந்தது." பிறகு, தன்னையறியாமல் சொன்னதுபோல, "றிம்ம மாத்தினா ஓடலாம்," என்றார்.

"அறுபத்தாறில அடிச்சிருந்தா மாமா ஆஸ்பத்திரிக் கட்டில்ல காலத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடக்கமாட்டார் அப்பா. நாங்க அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்."

"வாயக் கழுவு!" என்றாள் அம்மா.

"ரெண்டாவது பிழை?" என்று கேட்டார் அழகரத்தினம். கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே உடனே தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டாவது பிழை அவர் விட்டதில்ல. நாங்க விட வெச்சது. தாரில இழுபட்டதெண்டு நினைச்சுத்தான் அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவு வேகம் எண்டு எழுதினவர். அது தாரில இழுபடல்ல, நெல்லில வழுக்கிக்கொண்டு போனது."

அவர் எழுந்து கை கழுவினார். துவாயில் துடைத்துக்கொண்டே, "கணக்கு கோட்டுக்குப் போகாது," என்றார். "நீயும் போகமாட்டாய். நாளைக்கு நான் வட்டைக்குப் போயிருவன். வீட்டில இருந்து படி."

*

அவர் வட்டைக்குப் போனது உண்மை. விதுர்ஷா படிக்காததும் உண்மை.

காலையிலேயே அவள் மீன்காரக் கோணாமலையை வழிமறித்தாள். கோணாமலை மட்டக்களப்பு வாவி மீனை மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு வருகிறவர். ஊரில் எல்லா வீட்டுச் சமையலும் அவருக்குத் தெரியும், எல்லா வீட்டுச் சண்டையும் தெரியும்.

"திரளி இரிக்கு, இறால் இரிக்கு. என்ன வேணும் மருமகள்?"

"உங்கட தராசு வேணும் மாமா. கொழுக்கித் தராசு."

"மீன் வேணாம், தராசு மட்டும் வேணுமா? அப்பனத் தூக்கி நிறுக்கப் போறியா?"

"சைக்கிள இழுக்கப் போறன்."

கோணாமலை ஹெல்மெற்றைக் கழற்றினார். காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார் போலும். "சைக்கிள் கிலோ என்ன விலைக்குப் போகுது? செதிள் சீவித் தரட்டா?"

அவள் விளக்கினாள். ஒரு பொருளைத் தரையில் இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று தராசு காட்டும். தாரில் ஒரு தடவை, நெல்லில் ஒரு தடவை. அவ்வளவுதான். கோணாமலை பெட்டிக்குள் கைவிட்டுத் தராசை எடுத்தார். "விக்கிற மீன் ஐஸிலயே கிடக்கட்டும்," என்றார். "இதப் பாக்காமப் போனா எனக்கு ரா நித்திரை வராது."

ஹஸீனா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். விதுர்ஷா வீட்டுக் கொட்டிலிலிருந்து நெல் மூடை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அடியே, அத எங்க கொண்டு போறாய்? அப்பா வந்தா என்னத் தின்னுவார்!"

"நான்தான் எடுத்ததெண்டு சொல்லுங்க."

வாய்க்கட்டை அவிழ்த்து மூடையைச் சரித்தாள். கண்ணாடித் துண்டுகள் கிடந்த அதே இடத்தில் நெல் வீதியில் இறங்கியது. வழிந்து, பரவி, விளிம்பில் தயங்கி நின்றது. காலால் அளைந்து மட்டமாக்கினாள். நெல்மணிகள் பாதத்துக்கு அடியில் உருண்டன. சிறு வயதிலிருந்து எத்தனை தடவை இப்படி அளைந்திருக்கிறாள்! ஒவ்வொரு மணியும் ஒரு சக்கரம் என்று அன்றுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

சத்தம் கேட்டு வளவுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் சீதேவிப்பிள்ளை, பக்கத்து வளவு. கோணாமலையோடு விலையில் சண்டை பிடிக்காமல் ஒருநாளும் மீன் வாங்காதவள்.

அப்பாவின் சைக்கிளில் அரிசி மூடை ஒன்றைக் கட்டி, தராசில் கொழுவி, கோணாமலையும் ஹஸீனாவும் ஒரு தடியால் தூக்கிப் பிடித்தார்கள். நாற்பத்தைந்து கிலோ. பிறகு சைக்கிளைச் சரித்து வெறும் தாரில் போட்டு, கோணாமலை கொழுக்கியைப் பிடித்து இழுத்தார். சைக்கிள் கிறீச்சிட்டு நகர்ந்தது.

"இருபத்தேழு," என்று வாசித்தாள் ஹஸீனா.

"இந்தத் தராசையா நம்புறாய்?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "இவன்ட தராசில நான் ஒரு கிலோ வாங்கினா வீட்ட போகக்குள்ள முக்காக் கிலோ. மீன் வழியில நடந்து போயிருது போல."

"அக்கா, உங்கட பூன தின்னுறதுக்கு என்ர தராசு என்ன செய்யும்?"

"தராசு பொய் சொன்னாலும் பறவாயில்ல பெரியம்மா," என்றாள் விதுர்ஷா. "நிறுக்கக்குள்ளயும் அதே பொய், இழுக்கக்குள்ளயும் அதே பொய். எனக்கு விகிதம் போதும்."

"கேட்டியா?" என்றார் கோணாமலை. "விகிதத்தில நான் சுத்தம்."

சிரிப்பு அடங்குமுன் சைக்கிளைத் தூக்கி நெல்லில் போட்டார்கள். கோணாமலை முன்பு இழுத்த பலத்தோடு இழுத்தார். சைக்கிள் விருட்டென்று வந்து அவருடைய காலில் இடித்தது. அவர் பின்னால் விழப்பார்த்துச் சமாளித்தார். இரண்டாம் தடவை மெதுவாக இழுத்தார்.

"பதினொண்டு."

சீதேவிப்பிள்ளை எட்டி, தானே முள்ளைப் பார்த்தாள். "பதினொண்டுதான்," என்றாள். இந்தத் தடவை பகிடி சொல்லவில்லை.

விதுர்ஷா ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்துக் குந்தியிருந்து, தார் மேலேயே கணக்கை எழுதினாள். சிவப்பு எழுத்து. நெல்லில் இழுபட்ட தூரத்திலிருந்து, மோதிய உடனே சைக்கிளுக்கு இருந்த வேகம். ஓட்டோவின் பாரம். சைக்கிளும் மூடையும் மாமாவுமாகச் சேர்ந்த பாரம். மாமா மிதித்துக்கொண்டு போன வேகம். அதை அவள் ஆகக் கூட்டியும் போடவில்லை, ஆகக் குறைத்தும் போடவில்லை. அரிசி மூடையோடு ஒரு மனிதன் எவ்வளவு வேகமாகப் போவானோ அவ்வளவு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்கிறாள் என்று சொன்னாள். கடைசி வரியில் முப்பத்தொன்பது வந்தது.

"அவர் நாப்பதெண்டுதான் சொன்னவர்," என்றாள் ஹஸீனா. "முதல் நாளிலயே சொன்னவர். நாப்பது, நெல்லு. இந்த ரெண்டு சொல்லத்தான் சொன்னவர்." தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வளைவில் ஜீப் தெரிந்தது.

அடுத்த நிமிடம் நடந்ததை விதுர்ஷா எதிர்பார்த்துத்தான் இருந்தாள். சீதேவிப்பிள்ளை வேலிக்கு ஓடினாள். இன்னொருத்தி படங்கை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் கையில் விளக்குமாறு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. விளிம்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து குவியலுக்கு, எவ்வளவு லாவகம்! சனிக்கிழமையும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு மனிதன் மதகடியில் முனகிக்கொண்டிருக்க, இந்த அழகான கைகள்.

அவள் நெல்லின் நடுவில் போய் நின்றாள்.

"அம்மா, விளக்குமாற வைங்க."

"விசரி! ஜீப் வருது!"

"தெரியும். நான்தான் வரச் சொன்னன்."

விளக்குமாறுகள் நின்றன.

"என்ன சொன்னாய்?"

"காலையில போன் பண்ணினன். விபத்துக் கணக்கு பிழை எண்டு சொன்னா வரமாட்டாங்க. றோட்டில நெல்லுக் காயுதெண்டு சொன்னன். வாறாங்க."

"சொந்த நெல்லக் காட்டிக் குடுத்த பிள்ளைய நான் இண்டைக்குத்தான் கண்டன்," என்றாள் சீதேவிப்பிள்ளை. அதில் ஏச்சு எவ்வளவு, வேறு ஏதாவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜீப் நெல்லுக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கிய சார்ஜன்ட் முதலில் நெல்லைப் பார்த்தார். பிறகு சரிந்து கிடந்த சைக்கிளை, மீன் தராசை, கையில் விளக்குமாறோடு உறைந்து நின்ற பெண்களை. எந்த முறைப்பாட்டிலும் இவையெல்லாம் ஒன்றாக வந்ததில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"ஆருட நெல்லு?"

"எங்கட நெல்லு சேர்," என்றாள் விதுர்ஷா. "அண்டைக்கு றிஸ்வி நானா சறுக்கினதும் இதே நெல்லிலதான். கொண்டு போறதெண்டா கொண்டு போங்க. ஆனா அதுக்கு முதல்ல இதப் பாத்திட்டுப் போங்க."

அவள் சிவப்புக் கணக்கைக் காட்டினாள். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். வாசித்தாரோ இல்லையோ, வாசிக்கும் நேரம் அளவுக்குக் குனிந்திருந்தார். பிறகு யாரும் கேட்காமலே கொழுக்கியைப் பிடித்துச் சைக்கிளை நெல்லில் இழுத்தார். வெறும் தாரில் இழுத்தார். இன்னொரு தடவை நெல்லில் இழுத்தார்.

"சரி," என்றார் நிமிர்ந்து. "கணக்கு சரியா பிழையா எண்டு சொல்லுறதுக்கு ஆக்கள் இரிக்காங்க. அவங்களிட்டக் குடுக்கலாம். ஆனா தங்கச்சி, இண்டைக்கு நீ நெல்லுக் கொட்டினாய், இண்டைக்கு இரிக்கு. அண்டைக்கு இருந்ததெண்டு ஆர் சொல்லுற? நீ கண்டியா?"

"காலையில நான்தான் பரப்பினன்."

"அடிபடக்குள்ள?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. சொல்லியிருந்தால் சார்ஜன்ட் அவளை நம்பியிருப்பார். "செங்கலடியில இருந்தன்," என்றாள்.

"அப்ப நீ சாட்சி இல்ல. ஆர் கண்டது?"

அம்மா விளக்குமாறைப் பார்த்தாள். கோணாமலை அந்தச் சனிக்கிழமை ஊரிலேயே இல்லை. ஹஸீனா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முகமும் அவள் வந்து சேருமுன் வேறு பக்கம் திரும்பியது.

பெண்களுக்குப் பின்னால், வட்டையிலிருந்து இறங்கும் பாதையில் அழகரத்தினம் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முழங்கால்வரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்திருந்தார். தன் மூடை, தன் நெல், தன் சைக்கிள், தன் மகள், எல்லாம் வீதியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன்ட் கேட்டார்: "ஐயா, நீங்க?"

விதுர்ஷா நெல்லைத் தாண்டி வரவில்லை. நடுவிலேயே நின்றாள். காலை எடுத்தால் யாராவது கூட்டிவிடுவார்கள் என்பதுபோல, இரண்டு பாதத்தையும் நெல்லுக்குள் அழுத்தி நின்றாள்.

"அப்பா," என்றாள், "தங்கராசா மாமா உங்களுக்காக வாய மூடிக்கொண்டு கிடக்கார். நீங்க றிஸ்வி நானாவுக்காக ஒருக்கா வாயத் திறங்க. அண்டைக்கு இந்த நெல்லு எங்க கிடந்ததெண்டு சேருக்குச் சொல்லுங்க அப்பா."